யாரோ என்று ஒரு குழி

திண்டிவனம் இருதயராஜ் ஒரே ஒரு மல்லாட்டையை (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) ஒரு குழியிலிருந்து எடுத்து இன்னொரு குழியில் போட்டிருந்தால் எனக்கு ஏப்ரலிலேயே வேலை முடிந்திருக்கும். அவர் போடவில்லை. ஏழு வருட ஆராய்ச்சி, நானூறு பக்கம், தேர்தலில் தோற்ற நாற்பது வேட்பாளர்கள், எல்லாம் அந்த ஒரு மல்லாட்டைக்காகக் கைகட்டிக்கொண்டு நின்றன. ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பியிருந்தது. என் அப்பா அதை எங்கள் ஊர் கெடாரில் மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். நான் மறந்துவிடக் கூடாதாம்.

ஜெயித்தவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் தோற்றவர்களை எடுத்துக்கொண்டேன். விழுப்புரத்தில் இருபது பேர், திண்டிவனத்தில் இருபது பேர், எல்லாரும் வார்டு தேர்தலில் நின்று மண்ணைக் கவ்வியவர்கள். 'உங்களுக்கு ஓட்டுப் போட்டது யார்?' என்பது கேள்வி. முதலில் அவர் என்ன நம்புகிறார் என்று அளக்க வேண்டும். அப்புறம் ஒரு சாட்சியைக் காட்ட வேண்டும். சாட்சியைப் பார்த்த பிறகு நம்பிக்கை எவ்வளவு நகர்ந்தது என்று மறுபடி அளக்க வேண்டும். கடைசியில் இரண்டு ஊரையும் ஒப்பிட்டு, எந்த ஊர்க்காரர் சீக்கிரம் நகர்கிறார் என்று சொல்ல வேண்டும். இதற்கு பேஸ் முறை என்று பெயர். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பாதிரியார் யோசித்து வைத்துவிட்டுப் போனது. அவர் ஒரு நடை திண்டிவனம் வந்து பார்த்துவிட்டு யோசித்திருக்கலாம்.

நம்பிக்கையை வாயால் கேட்டு அளக்க முடியாது. 'நூற்றுக்கு எத்தனை நம்புகிறீர்கள்' என்றால் நூற்றிருபது என்பார்கள். அதனால் ஆளுக்கு இருபது வில்லை கொடுத்து, எதை எவ்வளவு நம்புகிறாரோ அந்தக் கட்டத்தில் அத்தனை வில்லை வைக்கச் சொல்வது வழக்கம். என் வழிகாட்டி பேராசிரியர் வேங்கடேசன் கொடுத்த பிளாஸ்டிக் வில்லைகள் முதல் வாரமே ஒரு வேட்பாளரின் பேரப்பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தன. நான் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை வாங்கினேன். கட்டங்களுக்குப் பதில் அம்மாவின் இரும்புக் குழிப்பணியாரச் சட்டி. ஏழு குழி. ஒவ்வொன்றின் விளிம்பிலும் சாக்பீஸால் எழுதினேன்: நான், மனைவி, பிள்ளைகள், சொந்தக்காரர், தெருக்காரர், கட்சிக்காரர், யாரோ.

முதலில் வறுத்த மல்லாட்டை கொண்டுபோனது என் முட்டாள்தனம். பேசிக்கொண்டே தின்றுவிட்டார்கள். விழுப்புரத்தில் ஒருவர் தன் சொந்தக்காரர்கள்மேல் வைத்திருந்த நம்பிக்கை முழுவதையும் நான் பேனாவுக்கு மூடி தேடிய நேரத்தில் மென்று முடித்தார். அதன்பிறகு தோலோடு பச்சையாகக் கொண்டுபோனேன். அதற்கும் விழுப்புரத்தில் விசாரணை.

"எந்த ஊரு மல்லாட்டைம்மா இது?"

"திண்டிவனம்ங்க."

"நம்பறது நாங்க, மல்லாட்டை அவங்களுதா? நல்லா இருக்குதே."

இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தால் வாயில் வேறு வார்த்தைகள் வந்துவிடும்.

என் பேராசிரியர் ஒரே ஒரு விதி போட்டிருந்தார். எந்தக் குழியும் காலியாக இருக்கக் கூடாது. நடக்கவே நடக்காது என்று நினைக்கிற குழியிலும் ஒரு மல்லாட்டையாவது இருக்க வேண்டும். "பூஜ்யம் வெச்சவன் காதுல எந்தச் சாட்சியும் விழாது கலை. ஒன்னே ஒன்னு இருந்தா போதும், சாட்சி அதைப் பிடிச்சுக்கிட்டு ஏறிவரும். ஒன்னும் இல்லைன்னா எதைப் பிடிக்கும்?" என்பார். முப்பத்தெட்டு பேர் முனகிக்கொண்டே இதற்கு ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு ஒருவர்.

விழுப்புரத்தில் ஒத்துக்கொள்ளாதவர் வெங்கடாசலம். பழைய பேருந்து நிலையம் பக்கம் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். இரண்டாயிரத்துப் பதினொன்றில் நின்று ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த ஒரு ஓட்டு மனைவி வீரம்மாளுடையது என்பது அவர் முடிவு. அன்றிலிருந்து அவர் வீரம்மாளிடம் நேராகப் பேசுவதில்லை. கூடத்தில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துப் பேசுவார்.

"இந்த வூட்ல வந்தவங்களுக்கு ஒரு காப்பி கிடைக்குமான்னு தெரியல" என்றார் விசிறியிடம்.

"பால் இன்னும் வரலன்னு சொல்லு" என்றார் வீரம்மாள், அவரும் விசிறியிடம்.

எனக்குத் தலை சுற்றியது. விசிறி மூன்றாம் நம்பரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெங்கடாசலம் ஆறு குழிகளில் மல்லாட்டையை நிரப்பிவிட்டு, 'மனைவி' குழியை அப்படியே விட்டார். நான் விதியைச் சொன்னேன். முடியாது என்றார். அடுப்படியிலிருந்து வீரம்மாள், தான் அவருக்குத்தான் போட்டதாகவும், கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணியாயிற்று என்றும் விசிறிக்குத் தெரிவித்தார். வெங்கடாசலம் விசிறிப் பக்கமே திரும்பவில்லை.

"ஐயா, நீங்க மொத்தமா நம்ப வேணாம். இருபதுல ஒன்னு. அவ்ளோதான்."

"ஒன்னு வெச்சா பதினாலு வருசம் நான் பேசாம இருந்தது தப்புன்னு ஆவும்ல?"

"இருபதுல ஒரு பங்கு தப்புன்னுதான் ஆவும்."

"இன்னொன்னு சொன்னியே, நாப்பது பேர் கணக்கையும் ஒன்னா போடுவேன், ஒரு ஊரு இன்னொரு ஊரக் கொஞ்சம் இழுக்கும்னு. திண்டிவனத்துக்காரன் அவன் பொண்டாட்டிய நம்பறதுக்கு நான் ஏம்மா இழுபடணும்?"

இரண்டு மணி நேரம் போனது. கடையில் எனாமல் வாங்க வந்தவர்கள் மூன்று பேர் காத்திருந்து திரும்பிப் போனார்கள். கடைசியில் அவர் ஒரு மல்லாட்டையை, பல்லி எச்சத்தை எடுப்பதுபோல் இரண்டு விரலால் எடுத்து 'மனைவி' குழியில் போட்டார். நான் குனிந்து நோட்டில் எழுதி நிமிர்வதற்குள் அதை உடைத்துத் தின்றுவிட்டார். சட்டப்படி வைத்தது வைத்ததுதான். தின்றது அவர் சொந்த விஷயம் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து வீரம்மாள் போன் செய்தார். "டீச்சரம்மா, இன்னிக்கு என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொன்னாரு."

"என்னங்க சொன்னாரு?"

"கொழம்புல உப்பு இல்லன்னாரு" என்றார். குரல் தழுதழுத்தது. எனக்கும் என்னவோபோல் ஆகிவிட்டது. அதை மறைக்க, அடுத்த முறை உப்பைக் கொஞ்சம் கூடப் போடுங்கள் என்று எதையோ உளறி வைத்தேன்.

மிச்சம் இருந்தது இருதயராஜ்.

அவர் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிறார். அறுபத்திரண்டு வயது. தொண்ணூற்றாறில் ஆரம்பித்து ஐந்து முறை ஒரே வார்டில் சுயேச்சையாக நின்றிருக்கிறார். ஐந்து முறையும் அவருக்கு விழுந்தது ஒரு ஓட்டு. இரண்டு கிடையாது, பூஜ்யம் கிடையாது. ஒன்று. ஊரில் அவருக்கு 'ஒன்னு சார்' என்று பெயர். ஓட்டு யாருடையது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. தனக்குத் தானே போட்டுக்கொள்கிறார், வேறென்ன.

இருதயராஜ் சட்டியைப் பார்த்தார். இருபது மல்லாட்டையையும் இரண்டு கையாலும் அள்ளி 'மனைவி' குழியில் போட்டார். குழி கொள்ளாமல் நாலைந்து வெளியே உருண்டன. அவற்றையும் பொறுக்கி மேலே அடுக்கினார்.

"ஐயா, 'நான்'னு ஒரு குழி இருக்கு."

"நான் எனக்குப் போட்டுக்கறதில்ல மேடம். எனக்கு நானே போட்டுக்கினா அது ஓட்டா? ஒவ்வொரு தபாவும் வேற யாருக்காச்சும் போட்டுட்டுத்தான் வருவேன். இத்த வெளிய சொல்லிடாதீங்க. என்னைப் பைத்தியம்னுவாங்க."

"பிள்ளைகள்?"

"பொண்ணு முண்டியம்பாக்கத்துல நர்ஸு. ஓட்டும் அங்கதான்."

"அப்ப 'யாரோ' குழியில ஒன்னு வைங்க. விதி."

"யாரோ ஒருத்தனுக்கு என்னாண்ட இன்னா வேலை? அவதான் மேடம். எழுதிக்கங்க."

மூன்று முறை போனேன். மூன்று முறையும் இருபதும் மனைவிக்குத்தான். பேராசிரியரின் கணினி இதில் சிக்கிக்கொண்டது. அது ஒரு கணக்குக்கு விடை தேட நாலு பேரை நாலு திசையிலிருந்து நடக்கவிட்டு, நாலு பேரும் ஒரே இடத்தில் வந்து சேருகிறார்களா என்று பார்க்கும். சேர்ந்தால் விடை சரி. மூன்று பேர் ஒழுங்காக வந்து சேர்ந்தார்கள். நாலாவது ஆள் இருதயராஜ் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றான். நாற்பது பேரின் கணக்கும் அதோடு நின்றது. ஒத்துவராதவரைக் கழற்றிவிடுவது ஏமாற்று என்று பேராசிரியர் அதற்கும் வழி விடவில்லை.

மூன்றாவது முறை போய்விட்டுத் திரும்பும்போது அவர் மனைவி சவுரியம்மாள் பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்தார். பள்ளிச் சத்துணவில் முப்பது வருடம் சமைத்து ஓய்வு பெற்றவர். கரண்டி பிடித்த கையால் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாப்பா, நீ படிச்ச பொண்ணு. கவுன்சிலருக்கு கவர்மெண்டு வேலை கெடச்சுப் போயிட்டாரு, வார்டுல இடைத்தேர்தல் வருது. இந்த மனுசன் மறுபடியும் நிக்கறேன்றாரு. எத்தையாச்சும் சொல்லி நிறுத்து. மார்க்கெட்டுக்குப் போனா 'ஒன்னு சார் சம்சாரம் வருது, வழி வுடு'ன்றானுங்க. பேஜாரா இருக்குது."

"அந்த ஒரு ஓட்டு யாரு போடறது, அம்மா?"

"வேற யாரு, அவரே போட்டுக்கறதுதான். வெக்கங்கெட்ட மனுசன்."

"நீங்க?"

"நானா? ஒரு தபாகூட இல்ல. அந்தோணியார் மேல சத்தியம். நான் வேற போட்டா, கூடிடுச்சுன்னு குஷியாயி எம்.எல்.ஏ.வுக்கு நிப்பாரு. இத்த அவராண்ட சொல்லிப்புடாத."

நான் சொல்லவும் முடியாது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லமாட்டேன் என்று நாற்பது வீடுகளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பேருந்து விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மனைவி போடுகிறார் என்று கணவன் நம்புகிறார். கணவன் போட்டுக்கொள்கிறார் என்று மனைவி நம்புகிறார். இரண்டு பேரும் போடவில்லை. இருபத்தாறு வருடமாக, ஐந்து தேர்தலிலும், திண்டிவனத்தில் அந்த வார்டில் ஒரு மூன்றாவது ஆள் வரிசையில் நின்று, விரலில் மை வாங்கிக்கொண்டு, இருதயராஜுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். காலியாகக் கிடக்கிற 'யாரோ' குழியில்தான் முழு ஓட்டும் இருக்கிறது. உலகத்திலேயே இது தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு அடுத்த சீட்டில் இருந்தவர் வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார். அவரிடமாவது சொல்லிவிடலாமா என்று இருந்தது.

பேராசிரியரிடம் போனில், பெயர் சொல்லாமல் சொன்னேன். அவர் குதூகலமாகிவிட்டார்.

"அருமையான சாட்சி கலை. நம்ம முறையில மூணாவது படியே அதுதானே, சாட்சியைக் காட்டி நகருதான்னு பாக்கறது. காட்டு. ஒரு மல்லாட்டை நகர்ந்தாலும் கணக்கு ஓடிடும்."

"ரகசியம்னு எழுதிக் குடுத்திருக்கேன் சார்."

"யார் சொன்னாங்கன்னு சொல்லாதே. 'ஒருவேளை உங்க மனைவி போடலைன்னு வெச்சுக்குவோம்'னு கேள்வியா கேளு. கேள்வி கேக்கறது தப்பில்லை."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஜூலை பிறந்துவிட்டது. முப்பத்தொரு வயதில் மோட்டார் கொட்டகைக் கடிதத்தோடு வாழ்வது எனக்கு அலுத்துவிட்டது. ஒரு மனுஷன் பிடிவாதத்துக்காக ஏழு வருடத்தைக் கிணற்றில் போட நான் என்ன இளிச்சவாயா? சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மதியம் அவர் சாப்பிட வீட்டுக்கு வருகிற நேரம். சவுரியம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். இருதயராஜ் வழக்கம்போல இருபதையும் அள்ளி 'மனைவி' குழியில் போட்டார்.

"ஐயா, ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். அம்மா உங்களுக்குப் போடலன்னு..."

அவர் கோபப்படவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், உங்க கம்ப்யூட்டருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லைங்க."

"அதான். தொண்ணூத்தாறுல மொத மொத நின்னேன். ஏன் நின்னேன்னு கேட்டா சொல்லத் தெரியாது, சிநேகிதக்காரன் ஏத்திவுட்டான், நின்னுட்டேன். எண்ணிப் பாத்தா ஒரு ஓட்டு. ஓட்டு எண்ணின ஸ்கூல்ல அத்தினி பேரும் சிரிச்சாங்க. நான் எனக்குப் போடல. அப்ப யாருன்னு யோசிச்சிக்கினே வூட்டுக்கு வரேன், இவ மீன் ஆஞ்சிக்கினு இருக்கறா. நிமிந்துகூடப் பாக்கல. அப்பதான் வெளங்குச்சு. கல்யாணம் ஆயி எட்டு வருசத்துல என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்னவ இல்ல. ஆனா மறைப்புக்குப் பின்னாடி போயி, யாருக்கும் தெரியாம, எனக்குக் குத்தியிருக்கா. வூருல அத்தினி பேரும் இவன் வேணாம்னப்ப, இவன்தான் வேணும்னு குத்தியிருக்கா."

"நீங்க அவங்களக் கேட்டதே இல்லையா?"

"எப்படிக் கேக்கறது? கேட்டா 'போய்யா, உனக்கு யாரு போட்டா'ன்னுதான் சொல்லுவா. வாய் அப்படி. அஞ்சு வருசத்துக்கு ஒரு தபா அவ எனக்குப் பதில் சொல்றா. அத்தக் கேக்கறதுக்குத்தான் நிக்கறேன். ஜெயிக்கறதுக்கு நிக்கறேன்னு நினைச்சீங்களா? நடுவுல பத்து வருசம் தேர்தலே வைக்கல பாருங்க, கவர்மெண்டு மேல எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல."

பாதியில் நின்ற என் கேள்வி இன்னும் மிச்சம் இருந்தது. கேட்டிருந்தால் ஒரு மல்லாட்டை நகர்ந்திருக்கும். கணினியில் நாலாவது ஆள் எழுந்து நடந்திருப்பான். எனக்கு டாக்டர் பட்டம், அப்பாவுக்கு மோட்டார் கொட்டகையில் ஒட்ட வேறு கடிதம். நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்க பேருந்துக்கு நேரமாயிற்று என்று சொல்லி எழுந்து ஓடிவந்துவிட்டேன். பாதி வழியில்தான் சட்டியை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போக மனம் வரவில்லை.

மறுநாள் காலை போனேன். இருதயராஜ் கடைக்குப் போயிருந்தார். சட்டி நன்றாகத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சாக்பீஸ் எழுத்து ஒன்றும் இல்லை. சவுரியம்மாள் ஒரு கிண்ணத்தில் வேகவைத்த மல்லாட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"உன்னுதுதான். இருபது இருந்துச்சு. உப்புப் போட்டு வேவிச்சேன்."

நான் எடுத்து உரித்தேன். அவரும் உரித்தார். ஆளுக்கு நாலைந்து தின்றோம்.

"அந்த ஒரு குழியில மட்டும் எல்லாம் கெடந்துச்சு" என்றார்.

"ம்."

"சம்சாரம்... மனைவின்னு எழுதியிருந்துச்சு."

"அதப் பத்தி நான் பேசக்கூடாதும்மா. எழுதிக் குடுத்திருக்கேன்."

"நீ பேச வேணாம். எனக்குப் படிக்கத் தெரியும்."

அவர் தோல்களைக் கூட்டி முறத்தில் தள்ளினார். பிறகு, இருதயராஜை நிற்கவிடாமல் செய்யச் சொன்னேனே, அதை விட்டுவிடு என்றார். "நின்னா நிக்கட்டும். அவருக்கு வேற இன்னா பொழுதுபோக்கு இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உலை வைத்தார். ஒரு ஆராய்ச்சியாளர் செய்யக் கூடாத தப்பு எல்லாவற்றையும் நான் ஒரே சட்டியில் செய்து முடித்திருந்தேன்.

ஆகஸ்ட் நடுவில் இடைத்தேர்தல் நடந்தது. இருதயராஜுக்கு சீப்புச் சின்னம். மிக்சி கேட்டாராம், அது வேறு யாருக்கோ போய்விட்டது. பிரசாரம் என்று எதுவும் இல்லை. கடை ஷட்டரில் ஒரு சீப்பைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். அதையும் இரண்டாம் நாள் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

எண்ணிக்கை அன்று பள்ளிக்கூட வாசலில் நானும் நின்றேன்.  என் கணக்குப்படி இந்த முறை இரண்டு விழ வேண்டும். அந்த மூன்றாவது ஆள் ஒன்று, சவுரியம்மாள் ஒன்று. சவுரியம்மாள் மனம் மாறாமல் இருந்தால் பழையபடி ஒன்று. இரண்டு விழுந்தால் இருதயராஜ் என்ன ஆவார் என்று நினைத்தால் பயமாக இருந்தது. ஒரு ஓட்டுக்கு அவரிடம் விளக்கம் இருக்கிறது. இரண்டாவது ஓட்டை அவர் எங்கே வைப்பார்?

மைக்கில் ஏழு பேரின் பெயரையும் வாசித்தார்கள். இருதயராஜ், சுயேச்சை, சீப்பு: ஒன்று.

வழக்கம்போல் சிரிப்பு. இருதயராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "பாத்தீங்களா மேடம்? சொன்னேன்ல" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வீட்டில் மீன் வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று ஜல்தியாகக் கிளம்பிவிட்டார்.

அப்படியானால் சவுரியம்மாள் போடவில்லை. சரி, அவர் இஷ்டம் என்று நான் ஒரு மாதிரி சமாதானமாகி, சட்டியில் மறுபடி சாக்பீஸால் எழுதிக்கொண்டு, கடைசி முறையாகக் கணக்கெடுக்க மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருதயராஜ் இருபதையும் 'மனைவி' குழியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். நான் சட்டியைப் பையில் வைக்கும்போது சவுரியம்மாள் பக்கத்தில் வந்து குனிந்தார். கிழவிக்கு முகம் சிவந்திருந்தது, புதுப்பெண் மாதிரி.

"பாப்பா, யாராண்டயும் சொல்லாத. இந்தத் தபா நான் போட்டேன். சீப்பு எங்க இருக்குதுன்னு தேடிக் கண்டுபிடிச்சு அமுக்கினேன். நல்லவேளை, இந்தத் தபா அவரு தனக்குப் போட்டுக்கல போல. புத்தி வந்துடுச்சு."

நான் தலையாட்டினேன். 

எண்ணிக்கை மாறவில்லை. முன்பும் ஒன்று, இப்போதும் ஒன்று. ஆனால் இந்த ஒன்று வேறு ஒன்று. ஐந்து தேர்தலாக இருதயராஜ் வைத்த இருபது மல்லாட்டையும் தப்பு. ஆறாவது தேர்தலில் இருபதும் சரி. சாட்சியைக் காட்டினால் நம்பிக்கை நகரும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே நம்பிக்கை இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, சாட்சி நடந்து வந்து அதனிடம் சேர்ந்திருக்கிறது. பேராசிரியரைக் கெஞ்சி ஒத்துக்கொள்ளவைத்து, இருதயராஜை விட்டுவிட்டு முப்பத்தொன்பது பேரோடு கணக்கை ஓட்டினேன். ஓடியது. இருபத்தொன்பதாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தேன். 'திண்டிவனத்தில் ஒருவர் சேர்க்கப்படவில்லை. அவர் விஷயத்தில் முறை தலைகீழாக வேலை செய்தது' என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் யாராவது அதைக் கேட்டால் தண்ணீர் குடிப்பதாக உத்தேசம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அவர்கள் வீட்டை விட்டு இறங்கியதும் எனக்கு நேராகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போகத் தோன்றவில்லை. கணவனும் மனைவியும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அந்த மூன்றாவது ஆள் எங்கே? இருபத்தாறு வருடம் தவறாமல் வந்தவர் இந்த முறை ஏன் வரவில்லை? அவரைத் தேட இந்த ஊரில் என்னை விட்டால் நாதியில்லை. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

வார்டு முழுக்க நடந்தேன். தெருமுனைகளில் கண்ணீர் அஞ்சலி பேனர்கள் கட்டியிருந்தார்கள். சில போன மாதத்தவை, சில வெயிலில் வெளுத்து மூக்கும் மீசையும் மட்டும் மிச்சமானவை. ஒவ்வொன்றிலும் தேதியைப் பார்த்தேன். போன தேர்தலுக்குப் பிறகு இறந்தவர்கள் ஒன்பது பேர் கிடைத்தார்கள். ஒரு இரும்புக் கடைக்காரர். ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர். மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள், 'பாசமலர்' என்று எழுதியிருந்தது. புறா இரண்டு பக்கமும் பறக்க, கூலிங்கிளாஸ் போட்ட ஒரு பெரியவர். ஒவ்வொரு பேனர் முன்னாலும் நின்று, நீங்களா, நீங்களா என்று முகத்தைப் பார்த்தேன். இருதயராஜிடம் இவர்கள் எதைக் கண்டார்கள்? ஒருநாள் மிக்சியை இனாமாகப் பார்த்துக் கொடுத்திருப்பாரா? ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பாரா? தபால்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேயிருந்தார். பேனரில் எல்லாரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து சட்டியை மடியில் வைத்தேன். இருதயராஜ் வைத்த இருபது மல்லாட்டையும் பையில் இருந்தன. ஒன்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு என்று பிரித்தேன். ஏழு குழி போதாமல் இருவருக்குப் புடவை மடிப்பில் வைத்தேன். பதினெட்டு. சவுரியம்மாள் என்னிடம் பொய் சொல்லியிருக்கலாம் என்பதற்கு ஒன்று. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள்.

கடைசியாக ஒன்று மீந்தது. சாகவில்லை, அன்றைக்கு ஊரில் இல்லை, வானூரில் மகள் வீட்டுக்குப் போனவர் பேருந்தைத் தவறவிட்டுவிட்டார், அடுத்த தேர்தலுக்குக் கட்டாயம் வருவார் என்பதற்கு அதை வைத்தேன்.

விழுப்புரம் பேருந்து வர அரை மணி ஆனது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பச்சை மல்லாட்டையை ஒவ்வொன்றாக உரித்து, பத்தொன்பதையும் தின்றேன். அந்த ஒன்றை மட்டும் தின்னவில்லை.